விலங்கைப் புதைத்தவர்கள்: ஃபல்மத் தேவாலயத்தின் கதை

ஜமெய்க்காத் தீவின் வடகரையில் ஃபல்மத் என்றொரு சிறு துறைமுகப் பட்டினம் உண்டு. அப்பட்டினத்துப் பப்டிஸ்த தேவாலயத்திலே, அடிமைத்தளை நீங்கிய மக்கள் தம் விடுதலை நாளின் நினைவாகச் சலவைக்கற் பலகை ஒன்றினைப் பதித்தனர். அதன் உச்சியில் தராசும் வாளும் உடைய நீதிதேவதையின் உருவம் உள்ளது. அதன்கீழ் கிரான்வில் ஷார்ப், ஜோசப் ஸ்ரேர்ஜ், வில்லியம் வில்பர்போர்ஸ் ஆகிய மூன்று ஆங்கிலேயரின் முகங்கள். அடியில் அத்தேவாலயத்தின் போதகராயிருந்த வில்லியம் நிப் என்னும் இன்னோர் ஆங்கிலேயரின் முகம். 1838 ஓகஸ்ட் முதலாம் நாளைக் குறிக்கும் வாசகங்களுக்குக் கீழே, அறுந்த விலங்கையும் சவுக்கையும் மண்ணிற் புதைக்கும் கறுப்பு மனிதரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

முகத்தால் அடையாளங் காணப்படுவோர் நால்வரும் வெள்ளையர். விலங்கைப் புதைக்கும் மனிதர் யாவர் என்பதைப் பலகை சொல்லவில்லை. ஷார்ப் என்ற பெயர் அங்கே இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் அஃது இலண்டன் நீதிமன்றங்களிலே அடிமைகளுக்காக வாதாடச் செய்த கிரான்வில் ஷார்ப்பின் பெயர். அங்கிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலுள்ள மொன்ரேகோ பே பட்டினத்தில் 1832 மே 23 ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட சாம் ஷார்ப் என்ற அடிமையின் பெயர் அன்று. அவரும் பப்டிஸ்தரே, திருச்சபையின் உதவிக்காரராகப் பணி செய்தவர்.

வகுப்பறையிலே அடிமை ஒழிப்பைப் பற்றி வினவினால் மாணவர் தயங்காமல் வில்பர்போர்ஸ் என்பர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கற்றதும் அதுவே, கற்பித்ததும் அதுவே. ஃபல்மத் பட்டினத்துத் தேவாலயத்தின் வரலாற்றைச் சற்று நுணுகி நோக்கின், அந்த விடை எத்துணை குறையுடையது என்பது புலனாகும். அதேவேளை, கிறிஸ்தவ மிஷன் என்ற சொல்லைக் கேட்டவுடனே ‘ஏகாதிபத்தியத்தின் கையாள்’ என்று தீர்ப்பெழுதி ஏட்டை மூடிவிடும் நம் நண்பர் சிலரின் விடையும் அதே அளவு குறையுடையதென்பது தெரியவரும்.

ஆங்கிலேயர் ஜமெய்க்காவை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றியது 1655 இல். ஃபல்மத் நிறுவப்பட்டது 1769 இல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதனைச் சூழ்ந்த ட்ரெலோனி மாவட்டத்தில் எண்பதுக்கு மேற்பட்ட கரும்புத் தோட்டங்கள் இருந்தன. சீனியும் றம் சாராயமும் இத்துறைமுகத்தினூடே பிரித்தானியாவுக்குச் சென்றன. ஆபிரிக்க மனிதர் சரக்காக வந்திறங்கினர். 1799 இலேயே குழாய்நீர் பெற்ற பட்டினம் இஃது. நியூ யோர்க் நகருக்கும் முன்னரே என்று ஊரவர் இன்றும் பெருமை பேசுவர். அழகிய கல்வீடுகளும் அகன்ற தெருக்களும் அமைந்தன. அவற்றுக்கான செல்வம் எவருடைய முதுகிலிருந்து வந்ததென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஊருக்குப் பப்டிஸ்த சமயம் எவ்வாறு வந்தது? இலண்டனிலிருந்து வெள்ளைப் பாதிரிமார் கொண்டு வந்தனர் என எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. அச்சமயத்தை முதலில் ஜமெய்க்காவுக்குக் கொணர்ந்தவர் ஜோர்ஜ் லைல் என்னும் கறுப்பர். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற அவர், அமெரிக்கச் சுதந்திரப் போரின் முடிவில், 1783 இல், கிங்ஸ்டன் நகரை வந்தடைந்தார். சபையோர் பெரும்பாலும் அடிமைகளாதலின் அவர்களிடம் ஊதியம் பெறாது, பயிர் செய்தும் வண்டியிற் பாரம் ஏற்றியும் தம் சீவியத்தை நடத்திக்கொண்டு பிரசங்கித்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மோசஸ் பேக்கர் என்ற முடிதிருத்துநர், தீவின் மேற்கே சென்று தோட்டத்து மக்களிடையே சபைகளை வளர்த்தார். வேலை பெருகித் தம் கைக்கு அடங்காது போகவே, உதவிக்கு ஆள் அனுப்புமாறு இங்கிலாந்திலுள்ள பப்டிஸ்தருக்கு எழுதியவர் இப்பேக்கரே. அவ்வழைப்பின் பேரில் 1814 இல் வந்த முதலாவது மிஷனரி ஜோன் றோ. அவர் ஃபல்மத்தில் தங்கிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். இரண்டாண்டுகளிலே காய்ச்சல் கண்டு மாண்டார்.

ஆகவே, வெள்ளை மிஷனரிமார் வருமுன்னரே முப்பது ஆண்டுகளாகக் கறுப்பர் நடத்திய சபை அங்கு இருந்தது. அழைத்தவர்கள் கறுப்பர், அழைக்கப்பட்டவர்கள் வெள்ளையர். நமது நாட்டு மிஷன் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வேற்றுமை முக்கியமானதாய்த் தோன்றும். இதே பப்டிஸ்த மிஷனரிச் சங்கத்தின் முதலாவது தூதர் ஜேம்ஸ் சேற்றர் 1812 இலேயே கொழும்புக்கு வந்து, பெரும்பாலும் சிங்கள மக்களிடையே பணியைத் தொடங்கினார். ஆனால் அங்கே அவரை அழைத்து நின்ற சபை எதுவும் இல்லை.

1792 ஒக்டோபரில் இங்கிலாந்தின் கெற்றரிங் என்னும் சிற்றூரில் நிறுவப்பட்ட இச்சங்கம், தன் மிஷனரிமாரை ஜமெய்க்காவுக்கு அனுப்பும்போது ஒரு கட்டளையையும் உடன் அனுப்பியது. அரசியலில் தலையிடலாகாது, எசமானருக்கும் அடிமைக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசலாகாது, ஆத்துமாக்களின் மீட்பே அவர்கள் பணி. கட்டளை தெளிவானதே. ஆனால் அடிமைத்தனம் நிலவும் நாட்டிலே ஆத்துமாவைப் பற்றிப் பேசுவதே அரசியலாகிவிடும் என்பதை இலண்டனிலிருந்த கனவான்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தோட்டக்காரர் அதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1826 இல் ஜமெய்க்காச் சட்டசபை இயற்றிய அடிமைச் சட்டம், அடிமைகள் அனுமதியின்றிச் சமயம் போதிப்பதையும் இரவிற் கூடுவதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. பிரித்தானிய அரசு அச்சட்டத்துக்கு இசைவு மறுத்தது. தோட்டக்காரரின் மனம் மாறவில்லை.

அவர்கள் அஞ்சியது எதற்கு? பிரசங்கத்துக்கு அன்று, அமைப்புக்கே. பப்டிஸ்தர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அறிவறிந்த பருவத்தில் தானே வாய்திறந்து விசுவாசத்தை அறிக்கையிடுபவனையே நீரில் முழுக்காட்டிச் சபையில் சேர்ப்பர். சட்டத்தின் பார்வையிலே ஆடுமாடுகளோடு கணக்கிடப்பட்ட ஒருவன், தன் பெயரைச் சொல்லி, தன் விருப்பத்தைச் சொல்லி, சாட்சிகள் முன் நிற்கிறான். இது முதலாவது. மிஷனரி ஒருவரால் பல தோட்டங்களிற் பரந்து கிடந்த ஆயிரக்கணக்கான மக்களை நேரிற் கவனிக்க இயலாது. எனவே தோட்டந்தோறும் வகுப்புகள் அமைக்கப்பட்டன, வகுப்புக்கொரு தலைவர். அத்தலைவர் பெரும்பாலும் அடிமையே. நோயாளிகளைப் பார்ப்பதும், பிணக்குகளைத் தீர்ப்பதும், சபையிற் சேர விரும்புவோரை விசாரித்தறிவதும், காணிக்கை சேர்ப்பதும் அவருடைய பொறுப்பு. சபையாருக்கு அச்சிட்ட துண்டு வழங்கப்பட்டது; அதனைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

துண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மலையகத் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. அங்கே தொழிலாளியின் கடனை எழுதிய துண்டு அவனை ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணியிடம் ஆடு விற்பதுபோல் மாற்ற உதவியது. 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அஃது அவன் கழுத்திலே கயிறாகக் கிடந்தது. ஃபல்மத் அடிமையின் துண்டோ, அவன் தன் எசமானுக்கன்றி வேறொன்றுக்கும் உரியவன் என்பதற்கு அவன் கையிலிருந்த ஒரே சான்று. அதனை மந்திரத் தகடுபோல் அடிமைகள் போற்றுகின்றனர் என்று பிற சபைப் பாதிரிமார் நகைத்தனர். நகைத்தவர்கள் அது போற்றப்பட்ட காரணத்தை வினவவில்லை.

மதத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதியவற்றுள் அரை வாக்கியத்தை மட்டும் மனனஞ் செய்த தோழர்கள் இவ்விடத்திற் சற்று நின்று செல்லுதல் நன்று. தொழிற்சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை, கூடிப் பேசும் உரிமை இல்லை. அந்நிலையில், தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குச் செய்தி செல்லவும், தலைவர் தெரிவு செய்யப்படவும், பணம் சேர்க்கப்படவும், கணக்குக் கேட்கப்படவும் வழியாயிருந்த ஒரேயொரு நிறுவனம் அத்தேவாலயமே.

ஃபல்மத் சபை 1827 இல் முறையாக அமைந்தது. அதன் போதகர் மான் 1830 இல் இறந்தபின், மொன்ரேகோ பே சபையின் போதகர் தோமஸ் பேர்ச்செல் புதிய போதகரைத் தெரிவு செய்வதற்காகச் சபையைக் கூட்டினார். வில்லியம் நிப் என்பாரை ஏற்கிறீர்களா என்று கேட்டபொழுது சபை முழுவதும் ஒருமிக்க எழுந்து, இரு கைகளையும் உயர்த்தி, கண்ணீர் சொரிந்தது. வாசகர் இக்காட்சியைச் சிறிது சிந்தித்தல் வேண்டும். 1830 ஆம் ஆண்டு. இங்கிலாந்திலேயே பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை இல்லாத காலம். சந்தையில் விலைபேசப்படும் மனிதர் கையுயர்த்தித் தம் போதகரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

நிப் கெற்றரிங் ஊரிற் பிறந்தவர் (1803). பிரிஸ்டல் நகரில் அச்சுத்தொழில் பயின்றவர். ஜமெய்க்காவில் ஆசிரியராயிருந்த அண்ணன் தோமஸ் இறந்துபோகவே அவரது இடத்துக்குத் தாமே முன்வந்து 1825 இல் தீவை அடைந்தார். பல்கலைக்கழகம் காணாதவர்; பேச்சிலே நயத்தைவிட வேகம் மிக்கவர். ஃபல்மத்துக்கு வரும் முன்னரே ஒரு சம்பவம் அவரை உலுக்கியிருந்தது. அவர் நோயுற்றிருந்த வேளையில் சாம் சுவினி என்ற அடிமை உதவிக்காரர் அவரது வீட்டிற் கூட்டத்தாரோடு செபித்தார். அனுமதியின்றிப் போதித்த குற்றத்துக்காக அவரைச் சவுக்கால் அடித்து, விலங்கிட்டுத் தெருவேலைக்கு அனுப்பினர். நிப் தெருவிலே அவருடன் கூடவே நடந்து சென்றார்; பின்னர் அவ்வழக்கைப் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். ஆயினும் அக்காலத்தில் அவரும் சங்கத்தின் கட்டளையை மீறத் துணிந்தவர் அல்லர். பொறுத்திருங்கள் என்றே சபையாருக்குப் போதித்தார்.

பொறுத்திருக்க மறுத்தவர் சாம் ஷார்ப். அவர் மொன்ரேகோ பே சபையைச் சேர்ந்தவர், எழுத்தறிவுடையவர், பட்டினத்திலே பத்திரிகைகளைப் படித்து, இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புக் கிளர்ச்சி வலுத்து வருவதை அறிந்தவர். அதே காலத்தில் தோட்டக்காரர், பிரித்தானியாவை விட்டுப் பிரிந்து அமெரிக்காவோடு சேர்வோம் எனப் பகிரங்கக் கூட்டங்களிலே முழங்கிக்கொண்டிருந்தனர். மேசையருகே நின்று பரிமாறும் அடிமைகளுக்குக் காதுண்டு என்பதை அவர்கள் மறந்தனர். அரசர் விடுதலைப் பத்திரம் வழங்கிவிட்டார், துரைமார் அதனை மறைக்கின்றனர் என்ற வதந்தி தோட்டமெங்கும் பரவியது.

ஷார்ப்பின் திட்டம் எளியது. நம் காலத்துத் தொழிலாளிக்கு உடனே விளங்கக்கூடியது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் வேலைக்குப் போவதில்லை. சுதந்திர மனிதராக ஏற்றுக் கூலி தருவதானால் மட்டுமே வேலை. கரும்பு வெட்டும் பருவம் அது. வெட்டாத கரும்பு வயலிலே கெடும். வேலைநிறுத்தத்துக்கு அதனினும் ஏற்ற காலம் இல்லை. செபக்கூட்டம் முடிந்தபின் தங்கியிருந்த வகுப்புத் தலைவர்கள் வேதப் புத்தகத்தில் கைவைத்து உறுதிமொழி செய்தனர். அதாவது, திருச்சபையின் நிருவாக அமைப்பு அப்படியே வேலைநிறுத்தத்தின் அமைப்பாயிற்று. மாவட்டங்கள் பல கடந்து, ஓராயிரம் காதுகள் அறிய, வெள்ளையருக்குத் தெரியாமல் அத்திட்டம் காக்கப்பட்டதென்றால், அவ்வமைப்பின் கட்டுப்பாடு எத்தகையது!

1831 டிசெம்பர் 27 ஆம் நாள் சோல்ற்றர்ஸ் ஹில் என்ற இடத்திற் புதிய தேவாலயம் ஒன்றைத் திறந்துவைக்க நிப் சென்றிருந்தார். செய்தி காதில் விழவே, விடுதலைப் பத்திரம் எதுவும் வரவில்லை, வேலைக்குத் திரும்புங்கள் என்று மன்றாடினார். மக்கள் மனக்கசப்போடு கலைந்தனர். அன்றிரவே மொன்ரேகோ பேக்கு மேலுள்ள குன்றில் கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றி எரிந்தது. அதைத் தொடர்ந்து மேற்கு ஜமெய்க்காவின் குன்றுகளெங்கும் தீ. கிளர்ச்சியிற் பங்கு கொண்டோர் இருபதினாயிரம் முதல் அறுபதினாயிரம் வரை என மதிப்பிடுவர். வேலைநிறுத்தம் கலகமாயிற்று. ஷார்ப் அதனை விரும்பவில்லை எனினும் வற்புறுத்தினால் எதிர்ப்பதென்ற எண்ணம் தலைவர்களிடையே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கிளர்ச்சியில் மாண்ட வெள்ளையர் 14 பேர். சண்டையிற் கொல்லப்பட்ட அடிமைகள் இருநூறுக்கு மேல்; விசாரணை என்ற பெயரில் நடந்த கூத்தின்பின் கொல்லப்பட்டோர் முந்நூறுக்கு மேல். இவ்வெண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, அன்றைய ஏடுகள் எந்தப் பக்கத்தைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதின எனச் சொன்னால் வியப்புண்டாகும்.

மக்கள் இதனைப் பப்டிஸ்தப் போர் என்றே அழைத்தனர். தோட்டக்காரரும் அவ்வாறே கருதினர். நிப் கைது செய்யப்பட்டு மொன்ரேகோ பேக்குக் கொண்டு செல்லப்பட்டார். சாட்சியம் இன்மையால் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஃபல்மத் தேவாலயத்திலே படையினர் குடியேறினர். 1832 பெப்ரவரி 7 ஆம் நாள், வெளியேறும் வேளையில், அதனை அவர்களே இடித்துத் தரைமட்டமாக்கினர். மறுநாள் மொன்ரேகோ பே தேவாலயம் வீழ்ந்தது. ஏனைய ஊர்களிலும் அவ்வாறே. இவ்வழிப்பு வேலையை நடத்திய சங்கத்தின் பெயர் ‘குடியேற்ற நாட்டுத் திருச்சபை ஒன்றியம்’. அதன் முன்னணியில் நின்றவர் ஆங்கிலிக்கன் பாதிரியார் ஜோர்ஜ் வில்சன் பிரிட்ஜஸ். தேவாலயங்களை இடிக்கும் கூட்டத்துக்குத் திருச்சபையின் பெயர்! ஒரே வேதப் புத்தகம், ஒரே கடவுள். ஆயினும் தோட்டத்துரையின் சமயம் வேறு, அடிமையின் சமயம் வேறு.

நிப்பின் வாழ்விலே திருப்பம் நிகழ்ந்தது இங்கேதான். சபையாருக்குப் பொறுமை போதித்த போதகரைச் சபையார் போராளியாக்கினர். சபையின் சார்பில் 1832 இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவர் கரைசேர்ந்தது ஜூன் மாதத்தில். பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிய வேளை. அம்மாதமே பப்டிஸ்த மிஷனரிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, அடிமைத்தனம் ஒழியாவிடின் மிஷன் பணியும் இல்லை என்று முழங்கினார். சங்கத்தின் செயலாளர் அவரது அங்கியைப் பின்னாலிருந்து பிடித்திழுத்தார் என்றொரு கதை உண்டு. அவர் நிற்கவில்லை. ஊர் ஊராகச் சென்றார். பாராளுமன்றத்தின் இரு சபைகளும் அமைத்த விசாரணைக் குழுக்களின் முன் சாட்சியம் அளித்தார். 1833 ஓகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டத்தை ஆக்கிய சக்தி எது? பிரித்தானியக் கைத்தொழில் முதலாளித்துவத்துக்கு மேற்கிந்திய சீனித் தனியுரிமை சுமையாகிவிட்டது என்ற பொருளாதாரக் காரணத்தை எரிக் வில்லியம்ஸ் 1944 இல் வெளியிட்ட ‘முதலாளித்துவமும் அடிமைத்தனமும்’ என்ற நூலில் வலியுறுத்தினார். அதன்மீது ஆய்வாளரிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. அக்காரணத்தை நாம் புறக்கணிக்க மாட்டோம். ஆனால் அதனோடு அமைந்துவிட்டால், வில்பர்போர்ஸ் இருந்த பீடத்திலே சந்தைவிலையை ஏற்றி வைத்தவர்களாவோம். அடிமை அப்போதும் வெளியிலேயே நிற்பான். கென்சிங்டன் குன்றின் தீ இன்றேல், படிப்படியாக, காலப்போக்கில், தக்க தருணத்தில் என்று பேசிவந்த பாராளுமன்றம் இருபது மாதங்களிற் சட்டம் இயற்றியிராது என்பதே எமது கருத்து.

சட்டம் யாருக்கு நட்டஈடு வழங்கியது? எசமானருக்கு. இரண்டு கோடிப் பவுண். ஜமெய்க்காவில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர் விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. அந்நட்டஈட்டுக்காக வாங்கிய கடன் 2015 இலேயே முற்றாகத் தீர்க்கப்பட்டதெனப் பிரித்தானியத் திறைசேரி 2018 இல் அறிவித்தது. அவ்வாறாயின், கறுப்பு அடிமைகளின் வழித்தோன்றல்களாய்ப் பிரித்தானியாவில் வாழ்ந்து வரி செலுத்தியோரும் தம் முன்னோரின் எசமானர்க்காகப் பட்ட கடனை அடைத்திருக்கின்றனர். இதனினும் கொடிய நகைச்சுவையை எந்த நாடகாசிரியர் புனைவார்?

1834 இல் நடைமுறைக்கு வந்த விடுதலையும் முழுமையானதன்று. ‘தொழில் பயிலுநர்’ என்ற புதிய பெயரில் மக்கள் பழைய எசமானிடமே கூலியின்றி வேலை செய்ய வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியவன் இன்னும் எதைப் பயில வேண்டும்? எதிர்ப்பு ஓங்கியது. பலகையில் முகமுள்ள ஸ்ரேர்ஜ், 1837 இற் தீவுக்கு வந்து உண்மை நிலையை நேரிற் கண்டு வெளிப்படுத்தியவர். குறித்த காலத்துக்கு முன்னரே, 1838 இல், அம்முறை முடிவுக்கு வந்தது.

அவ்வாண்டு ஜூலை 31 ஆம் நாள் இரவு. இடிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டிருந்த ஃபல்மத் தேவாலயம் நிரம்பி வழிந்தது. நள்ளிரவை நோக்கி மணிக்கூட்டின் முள் நகர, நிப் அதனைச் சுட்டிக்காட்டி நின்றார். கடைசி ஒலி அடங்கியதும் ஆர்ப்பரிப்பு எழுந்தது. விடிந்தபின், அடிமைச் சங்கிலி, சவுக்கு, கழுத்து வளையம் ஆகியவற்றைச் சவப்பெட்டி ஒன்றிலிட்டுத் தேவாலய வளவிற் புதைத்தனர். சுதந்திர மரம் நட்டனர். பலகையிற் பெயரின்றிச் செதுக்கப்பட்டிருப்போர் இதனைச் செய்த அந்த மனிதர்களே.

விடுதலை பெற்றவன் மறுநாள் எங்கே உறங்குவது? வினா அற்பமானதன்று. குடிசையும் தோட்டநிலமும் துரைக்குரியவை. கூலி தருவதற்குமுன் வாடகை கேட்டனர், குடும்பத்தில் ஆளுக்கொரு வாடகை விதித்தனர், கொடாதவரை வெளியேற்றினர். இங்கேயும் சபையின் அமைப்பே கைகொடுத்தது. கூலிப் பேச்சுவார்த்தையில் போதகர் மக்கள் பக்கம் நின்று பேசினார். விற்பனைக்கு வந்த நிலங்களைச் சபையின் நண்பர்கள் வாயிலாக வாங்கிச் சிறு துண்டுகளாகப் பிரித்து மக்களுக்கு விற்றனர். சுதந்திரக் கிராமங்கள் எனப்பட்ட இத்தகைய குடியிருப்புகள் ட்ரெலோனி மாவட்டத்தில் பல தோன்றின. கெற்றரிங், கிரான்வில், றெஃபியூஜ் என்பன அவற்றுட் சில. றெஃபியூஜ் என்றால் அடைக்கலம். முதலில் அதற்கு வைக்கப்பட்ட பெயர் வில்பர்போர்ஸ். கிராமத்துப் பெயர்களிலும் ஆங்கிலேயரே! ஆனால் நிலவுறுதிப் பத்திரத்தில் இருந்த பெயர், விடுதலை பெற்றவனின் பெயர். பலகையைவிட அவ்வுறுதிக்கே எமது மதிப்பில் கனம் அதிகம்.

தோட்டக்காரர் வேறு வழி தேடினர். 1845 இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினர். கூலியைக் குறைப்பதற்காகக் கொண்டுவரப்படும் கூட்டத்தின் செலவை, விடுதலை பெற்ற மக்களின் வரிப்பணத்தால் ஈடுசெய்வதா என்று பப்டிஸ்தர் எதிர்த்தனர். இவ்விடத்தில் ஃபல்மத்தின் கதை எமது மலைகளையும் வந்து தொடுகிறது. அடிமை உழைப்பை இழந்த மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பி உற்பத்தி சரிந்தது. 1835 இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வை விதித்தது. முதல் இங்கே பாய்ந்தது. ஜமெய்க்காவிலே கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கற்ற றொபேட் பொய்ட் ரைற்லர் 1837 இல் இலங்கை வந்து மேற்கிந்திய முறையை இங்கு அறிமுகப்படுத்தினார். வந்தது பயிர் முறை மட்டுமன்று. தொழிலாளியை ஆளும் முறையும் உடன் வந்ததென்பது எமது துணிபு. அம்முறையினுள்ளே தமிழ்நாட்டு வறிய மக்கள் கங்காணி வழியே கொண்டுவந்து அடைக்கப்பட்டனர். ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854 இல் மலைநாட்டிலே தொடங்கியபோது, அது தோட்டத்துரைமாரின் ஆதரவோடும் பணத்தோடும் தொடங்கியது. ஃபல்மத்திலே துரைமார் தேவாலயத்தை இடித்தனர். இங்கே துரைமார் மிஷனுக்குப் பணம் கொடுத்தனர். மிஷனரிமாரின் நற்குண வேறுபாட்டால் இதனை விளக்க முடியாது. சபையைக் கட்டியெழுப்பியவர் யார் என்பதிலேயே விளக்கம் இருக்கிறது.

ஃபல்மத்தின் பிற்காலம் இத்துணை ஒளியுடையதன்று. 1842 இல் ஜமெய்க்காப் பப்டிஸ்தர் இலண்டன் சங்கத்தின் பணம் இனி வேண்டாமெனத் தற்சார்பை அறிவித்தனர். உள்ளூர்ப் போதகரைப் பயிற்றுவிக்க ட்ரெலோனியின் றியோ புவெனோவில் 1843 இற் கல்லூரி ஒன்றை நிறுவி, ஆபிரிக்க அடிமைத் துறைமுகமான கலபாரின் பெயரை அதற்குச் சூட்டினர். அடிமைகளின் பிள்ளைகள் மேற்கு ஆபிரிக்காவுக்கு மிஷனரிமாராய்த் திரும்பிச் சென்றனர். 1845 நவம்பரில் நிப் மஞ்சட் காய்ச்சலால் இறந்தார், வயது 42. மறுவருடம் சீனித் தீர்வைச் சட்டம் வந்தது. அடிமைகள் விளைத்த கியூபச் சீனியோடு போட்டியிட இயலாது தோட்டங்கள் வீழ்ந்தன. கூலியும் வீழ்ந்தது. தற்சார்பு என்ற பெருமிதத்தின் சுமை வறிய சபையாரின் தலையில் விழுந்தது. மிஷனரிமாரின் சபைகள் மெல்ல மெல்லச் சிறு நிலவுடைமையாளரின் ஒழுங்கான, அடக்கமான சபைகளாயின. சினமும் பசியும் மிஷனரிமாரின் மேற்பார்வைக்கு உட்படாத ‘சுதேச பப்டிஸ்தர்’ கூட்டங்களிற் சென்று தங்கின. 1865 ஒக்டோபர் 11 ஆம் நாள் மொறன்ற் பேயில் மக்களை அணிவகுத்துச் சென்ற போல் போகிள் அத்தகைய கூட்டமொன்றின் உதவிக்காரரே. அதனை ஒடுக்கிய ஆளுநர் அயரின் படை நானூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆயிரம் வீடுகளை எரித்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் உதவிக்காரரே தலைவர், தூக்குமரமே விடை.

ஃபல்மத் தேவாலயத்தை 1944 ஆம் ஆண்டுச் சூறாவளி தகர்த்தது. 1948 இல் மீண்டும் கட்டினர். இன்று அதற்கு நிப்பின் பெயர். அவ்வூரின் உயர்தரப் பாடசாலைக்கும் அவர் பெயரே. ஓட்டவீரர் உசெய்ன் போல்ட் அப்பாடசாலையின் மாணவர். 1988 இல், விடுதலையின் நூற்றைம்பதாவது ஆண்டில், ஜமெய்க்கா அரசு நிப்புக்கு உயரிய விருதொன்றை வழங்கியது. அவருக்கு அது தகும். அவருடைய கல்லறை தேவாலய வளவிலேயே இருக்கிறது. அவரது இறுதி ஊர்வலத்திற் பல்லாயிரம் பேர் நடந்தனர்.

சாம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டபின் குற்றவாளியென மொன்ரேகோ பேயின் கடற்கரை மணலிற் புதைத்தனர். அவருக்குத் தேசிய வீரர் என்ற பட்டத்தை ஜமெய்க்கா அளித்தது 1975 இல். அரசு அளிக்கும்வரை அவருடைய சபையார் காத்திருக்கவில்லை. அதற்கு நெடுங்காலத்தின் முன்னரே, அவரது எலும்புகளை மணலிலிருந்து எடுத்துச் சென்று, பேர்ச்செலின் பெயர் தாங்கிய மொன்ரேகோ பே தேவாலயத்திலே, பிரசங்க பீடத்தின் அடியில் அடக்கஞ் செய்திருந்தனர்.